முதற் பெண்ணும் அடுத்த பெண்ணும்: தீவுகளின் அபிவிருத்தியிற் பெண் தலைமை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பாடசாலை விவாத மேடைகளிலும் பொது அறிவுப் போட்டிகளிலும் நம்மவர் தவறாது விடை கூறும் வினா ஒன்றுண்டு. உலகின் முதற் பெண் பிரதமர் யார் என்பதே அது. 1960ஆம் ஆண்டு ஜூலை 21ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்க இலங்கையின் பிரதமராகப் பதவியேற்ற செய்தியை அறியாதார் இத்தீவில் இல்லை எனலாம். பெண்களின் நிலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இச்செய்தியே இறுதி விடையாக முன்வைக்கப்படுகின்றது. ஒரு நாடு தன் முதன்மைப் பதவியையே பெண்ணொருவருக்கு வழங்கிய பின்னர் வேறென்ன வேண்டும் என்பது அவ்விடையினுள் அடங்கியிருக்கும் வாதமாகும்.

இவ்விடையை மறுப்பதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. இவ்விடையோடு வினா முடிந்துவிடுகின்றதா என்று ஆராய்வதே இதன் நோக்கம். நமது வரலாற்று நூல்களும் இலக்கிய வரலாறுகளும் பத்திரிகைகளும் பெண் தலைமையைப் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே எழுதி வந்துள்ளன. முதற் பெண் உறுப்பினர், முதற் பெண் அமைச்சர், முதற் பெண் நாவலாசிரியர் என அப்பட்டியல் நீள்கின்றது. பட்டியல் பெயர்களைத் தருகின்றது; ஆனால் அப்பெயருக்குரியவர் எவ்வழியாக வந்தார், வந்தபின் யாருக்காக நின்றார், அவர் வந்த வழியாக அடுத்த பெண்ணும் வர முடிந்ததா என்னும் மூன்று வினாக்களையும் அது கேட்பதில்லை. இம்மூன்று வினாக்களையும் அளவுகோலாகக் கொண்டு நமது தீவின் அனுபவத்தையும், பசுபிக் சமுத்திரத் தீவுகள் சிலவற்றின் அனுபவத்தையும் இங்கு ஒப்பு நோக்குவோம்.

வந்த வழி

இலங்கையின் சட்டவாக்கச் சபைக்கு வந்த முதற் பெண் அடலின் மொலமூரே. டொனமூர் யாப்பின்கீழ் அமைந்த அரசாங்க சபைக்கு 1931இன் பிற்பகுதியில் ருவன்வெல்லைத் தொகுதியின் இடைத்தேர்தல் மூலம் அவர் தெரிவானார். அத்தொகுதியின் உறுப்பினராயிருந்த அவருடைய தந்தையார் காலமானமையே அவ்விடைத்தேர்தலுக்குக் காரணம். அடுத்த ஆண்டிலே கொழும்பு வடக்குத் தொகுதியின் உறுப்பினராக நேசம் சரவணமுத்து தெரிவானார். தேர்தல் வழக்கொன்றின் விளைவாக அவருடைய கணவர் டாக்டர் ரத்னஜோதி சரவணமுத்து தமது ஆசனத்தை இழந்தமையே அங்கும் காரணமாயிற்று. கொழும்பின் வடபாகத்திலே இன்று வாழும் தமிழருள் எத்தனை பேர் அவ்வம்மையாரின் பெயரை அறிவர் என்பது வேறு வினா.

சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசியற் பிரவேசமும் 1959 செப்டெம்பரில் அவர் கணவர் கொலையுண்டதன் பின்னரே நிகழ்ந்தது. பொத்துவில் தொகுதி உறுப்பினர் எம். சி. கனகரத்தினம் 1980இல் காலமானபோது அவ்விடத்திற்கு அவரது சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் நியமிக்கப்பட்டார். 1994இல் முதலிற் பிரதமராகவும் பின்னர் ஜனாதிபதியாகவும் வந்த சந்திரிகா குமாரதுங்க பிரதமர் இருவரின் புதல்வி. தந்தை, கணவன், சகோதரன் என உறவுப்பெயர் மாறினும் வாயில் ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றது.

இவ்வாறு கூறுவது அவர்களுடைய ஆற்றலைக் குறைத்து மதிப்பதாகாது. அனுதாப வாக்கினால் வந்தவர் என ஏளனஞ் செய்யப்பட்ட ஒருவரே கட்சியொன்றைப் பல தசாப்தங்கள் தம் கைக்குள் வைத்திருந்தார் என்பது வரலாறு. குடும்ப வழியாக அரசியலுக்கு வந்த ஆண்களும் இந்நாட்டிற் பலர் உளர் என்பது இங்கு எழுப்பப்படக்கூடிய நியாயமான ஆட்சேபம். அது உண்மையே. ஆனால் ஆண்களுக்குக் குடும்பம் பல வாயில்களுள் ஒன்று. தொழிற்சங்கம், வழக்கறிஞர் தொழில், மாணவர் இயக்கம், கிராமத்துச் சங்கம், வர்த்தகம் என ஏனைய வாயில்களும் அவர்களுக்குத் திறந்திருந்தன. பெண்களுக்கோ நீண்ட காலமாக அந்த ஒரு வாயிலே அகலத் திறந்திருந்தது. அதுவும் வீட்டிலே ஒரு மரணமோ ஒரு வெற்றிடமோ ஏற்பட்ட போது மட்டும். 1947இல் இடதுசாரிக் கட்சியொன்றின் சார்பிற் கிரியெல்லைத் தொகுதியில் வென்று முதலாவது பாராளுமன்றத்துக்குச் சென்ற புளோரன்ஸ் சேனநாயக்க போன்றோர் விதிவிலக்குகள். அவர்கள் விதிவிலக்குகளாகவே நின்றுவிட்டமைதான் நாம் கவனிக்க வேண்டியது.

வாக்கும் வாக்கிழப்பும்

பதவிக்கு வந்தவர்களின் பட்டியலுக்கு வெளியே நிற்கும் பெண்களை நோக்கும்போது வேறொரு வரலாறு தென்படுகின்றது. 1927இன் இறுதியிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் அமைக்கப்பட்டது. அதன் செயலாளராக இயங்கிய அக்னஸ் டி சில்வாவும் அவருடைய தோழியரும் டொனமூர் ஆணைக்குழுவின் முன் தோன்றிச் சாட்சியமளித்தனர். தோட்டங்களிலே வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று கேட்கின்றீர்களா என்று அவர்களிடம் வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்னுங் கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையிறுத்ததாக அறிகின்றோம். வசதி படைத்த குடும்பங்களைச் சேர்ந்த கொழும்புப் பெண்கள் அமைத்த ஒரு சங்கத்திலிருந்து இவ்விடை வந்தமை மனங்கொள்ளத்தக்கது. ஆணைக்குழுவோ முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையை விதந்துரைத்தது. எனினும் 1931இல் யாப்பு நடைமுறைக்கு வந்தபோது இருபத்தொரு வயதை எய்திய ஆண்களும் பெண்களும் சமமாக வாக்குரிமை பெற்றனர். தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வதிவிடம் பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

அவ்வுரிமை மலையகப் பெண்களிடம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. பெண் என்ற வகையில் 1931இற் கிடைத்ததை, தமிழ்த் தொழிலாளி என்ற வகையில் அவள் இழந்தாள். பெண்ணுரிமையைத் தனியானதொரு பொருளாக வகுத்து இன, வர்க்க நிலைமைகளிலிருந்து பிரித்துப் பேசுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நமது இரண்டாவது வினா இங்கேதான் கூர்மையடைகின்றது. 1964 ஒக்டோபரிலே இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும் 3,00,000 பேர் இலங்கைப் பிரசைகளாக ஏற்கப்படவும் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் பேசப்படுவதற்கென விடப்பட்டது. அவ்வெண்களுக்குள் அடங்கியோரிற் பாதியளவினர் பெண்கள். தாம் பிறந்த லயத்தை விட்டுப் போவதா இருப்பதா என்பது பற்றி அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர் உலகின் முதற் பெண் பிரதமர் என்பது அவர்களுக்கு எவ்விதத்திலும் உதவவில்லை. ஆட்சிப்பீடத்திலே பெண்ணொருவர் இருப்பது வேறு, ஆட்சியின் தீர்மானங்களிலே பெண்களின் குரல் இருப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதே மலையகத்திலே 1930களில் தொழிலாளர் கூட்டங்களிற் பாடியும் பேசியும் மக்களைத் திரட்டிய மீனாட்சி அம்மையை நமது இலக்கிய வரலாறு எவ்வாறு நடத்தியிருக்கின்றது என்பதையும் நோக்கலாம். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில், எழுத்தறியாதோருங் கேட்டுப் பாடத்தக்கதாய் அமைந்த அவருடைய பாடல்கள் 1940இல் நூலாக வெளிவந்தன. அரசியற் கோரிக்கையைப் பாடல் வடிவிலே தோட்ட மக்களிடம் கொண்டுசென்றவர் என்ற வகையில் அவர் தனியாக ஆராயப்பட வேண்டியவர். ஆயினும் நமது நூல்களில் அவர் கோ. நடேசையரின் மனைவியார் என்ற அளவிலேயே பெரும்பாலும் அறிமுகமாகின்றார். நடேசையரின் பணி மகத்தானது. அதனை எவரும் மறுக்கார். ஆனால் கணவன் பெயர் கூறாமல் ஒரு பெண்ணின் பொதுப்பணியை எழுத முடியாதவாறு நமது எழுத்துமுறை அமைந்துவிட்டமை விமர்சனத்துக்குரியது. பதவிக்கு வந்த பெண்ணுக்கு உறவே வாயிலாயிற்று. பதவிக்கு வராமற் பணிபுரிந்த பெண்ணுக்கு அவ்வுறவே திரையாயிற்று.

உழைக்குங் கைகளும் கணக்கெழுதுங் கைகளும்

அபிவிருத்தி என்னுஞ் சொல் நமது பொருளியல் வகுப்புகளில் ஏற்றுமதி வருமானத்தோடு இணைத்தே பேசப்படுவது வழக்கம். அவ்வாறாயின் இத்தீவின் ஏற்றுமதி யாருடைய கைகளில் தங்கியுள்ளது என்று கேட்டல் பொருத்தமாகும். தேயிலைக் கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். 1978இல் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பிக்கப்பட்டதன் பின் வளர்ச்சி கண்ட ஆடைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்கு முன் அமர்ந்தோரிலும் பெரும்பாலோர் பெண்கள். 1990களில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நாடி மத்திய கிழக்குக்குச் சென்றோருள்ளும் பெண்களே மிகுதி. அவர்களுட் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்களாகவே சென்றனர். இலங்கைக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த மூன்று பெருந்துறைகளும் இவ்வாறு பெண்களின் உழைப்பை அடித்தளமாகக் கொண்டவை.

கட்டுரையாளர் வாழும் ஹெந்தளையிலே இதற்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. களனி கங்கைக்கு வடக்கே, ஹமில்டன் கால்வாய் ஓடும் இவ்வூரிலே விடிவதற்கு முன்னரே உணவுப் பொதியுடன் சந்தியிற் காத்து நிற்கும் இளம்பெண்களைத் தினமுங் காணலாம். தமிழும் சிங்களமும் கலந்து பேசியபடி அவர்கள் நீர்கொழும்பு வீதியிற் செல்லும் தொழிற்சாலை வண்டிகளில் ஏறிச் செல்கின்றனர். மாலையில் அதே சந்தியிலே நடைபெறும் அரசியற் கூட்டத்தின் மேடையில் அவர்களுள் ஒருவரையேனும் இதுவரை கண்டதில்லை. மேடைக்கு முன்னாலும் அவர்கள் இல்லை. கூட்டம் நடைபெறும் வேளையிலே அவர்கள் அடுப்படியில் இருப்பர்.

தோட்டத்திலே இவ்வேறுபாடு இன்னுந் தெளிவானது. கொழுந்து பறிப்பவள் பெண். அவளை மேற்பார்வை செய்யும் கங்காணி, மடுவத்திலே கொழுந்தை நிறுத்துப் பதிபவர், கணக்கப்பிள்ளை, துரை ஆகியோர் மரபாக ஆண்கள். தொழிற்சங்கச் சந்தா செலுத்துவோருட் பெண்கள் பெருந்தொகையினர். சங்கத் தலைமைப்பீடங்களிலோ அவர்கள் அருமை. நாட்கூலியில் ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே இருந்த வேறுபாடு நீக்கப்பட்டமை 1984இலேயே நிகழ்ந்தது. ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்தவர்களுக்கு ஒரே கூலி கிடைப்பதற்கு, பெண்ணொருவர் நாட்டின் பிரதமராகி இருபத்துநான்கு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

கல்வி பெருகினால் இந்நிலை தானே மாறும் என்பர் சிலர். இலவசக் கல்வியின் பயனாக இந்நாட்டிற் பெண்கல்வி பெருகிற்று என்பது உண்மை. பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களிலே பெண்களே பெரும்பான்மையினர். எனினும் தொழிற்படையிற் பங்குகொள்ளும் பெண்கள் பெண்களுள் மூன்றிலொரு பங்களவினரே. ஆண்களுள் அது பத்தில் ஏழளவாகும். எழுத்தறிவிலும் ஆயுட்காலத்திலும் பெண்கள் அடைந்த முன்னேற்றம் தீர்மானம் எடுக்கும் இடங்களுக்குத் தானாகக் கொண்டு செல்லவில்லை. அபிவிருத்திக்கும் தலைமைக்கும் இடையே இயல்பாக ஓடும் வாய்க்கால் ஏதுமில்லை. அதனை வெட்டியே ஆகவேண்டும்.

பிற தீவுகளின் சான்று

நமது அனுபவம் நமக்கே உரியதன்று என்பதனைப் பசுபிக் தீவுகளின் வரலாறு உணர்த்துகின்றது. சிறிய நிலப்பரப்பு, சில ஏற்றுமதிப் பொருள்கள், வெளிநாடு சென்று உழைப்போர் அனுப்பும் பணம், உறவினால் இறுகப் பிணைந்த சமுதாயம் ஆகியன பற்றிப் பேசும்போது அத்தீவுகள் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. 2012இல் குக் தீவுகளின் ரரொதொங்காவிற் கூடிய பசுபிக் தீவுகளின் தலைவர்கள் பால்நிலைச் சமத்துவம் பற்றிய பிரகடனமொன்றை வெளியிட்டனர். தீர்மானம் எடுக்கும் இடங்களிற் பெண்களின் பங்கு, பொருளாதார வாய்ப்பு, வன்முறைக்கு முடிவு, சுகாதாரம், கல்வி ஆகியன அதிலே வற்புறுத்தப்பட்டன. ஆயினும் அதே 2012 முதல் 2022 வரை 52 ஆசனங்கள் கொண்ட வனுவாட்டுப் பாராளுமன்றத்தில் ஒரு பெண்ணேனும் இருக்கவில்லை. 2022 ஒக்டோபர்த் தேர்தலிலேயே குளோரியா ஜூலியா கிங் என்னும் ஒருவர் தெரிவானார். பிரகடனங்கள் பெண்களுக்கு ஆசனம் தருவதில்லை என்பது இதனாற் புலனாகும்.

சமோவாவின் சான்று மேலும் நுணுக்கமானது. அங்கே குடும்பத் தலைமைக்குரிய மத்தாய் என்னும் பட்டம் பெற்றோரே தேர்தலில் நிற்கலாம். 1990 வரை வாக்களிப்பதுங்கூடப் பெரும்பாலும் அவர்களுக்கே உரியதாயிருந்தது. பட்டம் பெண்களுக்குங் கிடைக்கக் கூடியதெனினும் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்குப் பட்டம் வழங்காத கிராமங்களும் உள. இவ்விதியை அறியும் நம்மவர் இக்காலத்திலும் இவ்வாறா என்று வியக்கலாம். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கின் இலங்கையின் அரசியற் குடும்பப் பெயரும் ஒருவகை மத்தாய்ப் பட்டமே என்பது தெளிவாகும். சமோவாவிலே அது யாப்பிலும் சட்டத்திலும் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. இங்கே எழுதப்படாமல் நடைமுறையில் உள்ளது. எழுதப்பட்ட விதியை எதிர்த்து வாதிடலாம். எழுதப்படாத விதியை எதிர்ப்பதற்கு முதலில் அது உண்டென்று நிறுவவேண்டியிருக்கின்றது.

2013இலே சமோவா தன் யாப்பைத் திருத்திப் பாராளுமன்றத்திற் குறைந்தது பத்து வீதம் பெண்கள் இருத்தல் வேண்டுமென விதித்தது. 2021 ஏப்பிரல் தேர்தலிற் பியாமே நவோமி மத்தாபா தலைமை தாங்கிய புதிய கட்சியும் நீண்டகாலம் ஆண்ட கட்சியும் சமநிலையில் நின்றன; சுயேச்சை உறுப்பினர் ஒருவரின் ஆதரவு புதிய கட்சிக்குக் கிடைக்கவிருந்தது. அவ்வேளையிலே பெண்களுக்கான விதியைக் காட்டி ஆளுங் கட்சியைச் சேர்ந்த பெண்ணொருவர் மேலதிக உறுப்பினராக அறிவிக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் அந்நியமனம் செல்லாதெனத் தீர்த்தது. மே 24ஆந் திகதி பாராளுமன்றத்தின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் வெளியே ஒரு கூடாரத்தில் நவோமி மத்தாபா பதவிச் சத்தியஞ் செய்தார். பெண்களை உள்ளே கொண்டுவருவதற்கென இயற்றப்பட்ட விதி, பெண்ணொருவர் பிரதமராவதைத் தடுப்பதற்கான கருவியாகப் பயன்படுத்தப்பட முடிந்தது என்பதே இங்கு நாம் பெறவேண்டிய பாடம். அவரும் அந்நாட்டின் முதற் பிரதமருடைய புதல்வியே என்பதையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும்.

மார்ஷல் தீவுகளிலே நிலவுரிமை தாய்வழியாக இறங்குவது. அங்கே 2016இல் ஜனாதிபதியான ஹில்டா ஹைன் கல்வித்துறையிலிருந்து வந்தவர். பசுபிக் தீவு நாடொன்றின் ஜனாதிபதியான முதற் பெண். ஆனால் தாய்வழிச் சமுதாயமாயிருந்தும் அந்நாட்டின் பாராளுமன்றத்திற் பெண்கள் மிகச் சிலரே இருந்து வந்துள்ளனர். இதனை நாம் மட்டக்களப்புடன் ஒப்பிடலாம். அங்கே குடிமரபு தாய்வழியாக வருவது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்மக்களுக்குச் செல்வது. எனினும் கோயில் வண்ணக்கர் பதவி ஆண்களிடமே இருந்து வந்துள்ளது. உரிமை பெண்ணின் வழியாகச் செல்லலாம். அதிகாரம் அவள் கையிலே தங்காமலும் செல்லலாம். யாழ்ப்பாணத்தினும் மட்டக்களப்பிற் பெண் உயர்ந்த நிலையில் இருக்கின்றாள் எனப் பொதுப்படக் கூறுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

ஒதுக்கீடும் ஏளனமும்

நமது நாட்டிலே உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்படுவதற்கான சட்டம் 2016இல் நிறைவேறி, 2018 பெப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் அம்மன்றங்களில் ஏறக்குறைய இரண்டு வீதமாயிருந்த பெண்களின் பங்கு ஒரே தேர்தலில் ஐந்திலொரு பங்கைத் தாண்டியது. இது சிறிய மாற்றமன்று. ஆயினும் அவ்வாறு வந்தவர்களிற் பெரும்பாலோர் வட்டாரத்திலே போட்டியிட்டு வென்றவர்களல்லர். கட்சிகள் கொடுத்த பட்டியலிலிருந்து தெரிவு செய்யப்பட்டவர்கள். யார் வருவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கட்சியின் ஆண் தலைமையிடமே தங்கிற்று.

இதனைக் காட்டிச் சிலர் ஒதுக்கீடே பயனற்றது என்கின்றனர். பட்டியலில் வந்த பெண்கள் எனச் சபையிலும் வெளியிலும் ஏளனஞ் செய்கின்றனர். இவ்வேளனத்தை நாம் ஏற்க முடியாது. வட்டாரங்களிலே வேட்பாளராக நிறுத்தப்படாதவர்கள் வட்டாரத்தில் வெல்லவில்லையே எனப் பழிக்கப்படுவது நீதியன்று. மேலும், தெருவிளக்கு, வடிகால், குப்பை, குழாய்நீர், சந்தை ஆகிய உள்ளூராட்சி விடயங்களோடு நாள்தோறும் போராடுவோர் பெண்களே. மழைக் காலத்திற் கால்வாய் நீர் பெருகும்போது வீட்டுப் பொருள்களை உயரத்தில் ஏற்றுபவள் எவளோ, அவளே வடிகால் பற்றிப் பேசத் தகுதியுடையவள். ஒதுக்கீட்டின் குறைபாடு அது பெண்களுக்கு இடந் தந்தமையன்று. இடத்தைத் தந்துவிட்டு வாயிலின் திறவுகோலைக் கட்சியிடம் விட்டுவைத்தமையே. சமோவாவின் அனுபவம் எச்சரிப்பதும் இதனையே.

மாற்றம் நிகழவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. 2024 செப்டெம்பரிற் பிரதமராக நியமனம் பெற்ற ஹரிணி அமரசூரிய பல்கலைக்கழக விரிவுரையாளராயிருந்தவர். அரசியற் குடும்பத்தின் வழியாக வந்தவரல்லர். அவ்வாண்டு நவம்பர்ப் பொதுத்தேர்தலிற் கொழும்பு மாவட்டத்தில் அவர் பெற்ற விருப்பு வாக்குகள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அதே தேர்தலிற் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். தோட்டத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று 1928இற் கேட்கப்பட்ட வினாவிற்கும் மலையகப் பெண்கள் இருவர் மக்களின் வாக்கினாற் சபையில் அமர்ந்தமைக்குமிடையே 96 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. எனினும் 225 உறுப்பினர் கொண்ட அப்பாராளுமன்றத்திலும் பெண்களின் பங்கு பத்து வீதத்தை எட்டவில்லை. வழி திறந்திருக்கின்றது, அது அகலமாகவில்லை.

நமது மன்றங்கள்

பாராளுமன்றத்தையும் கட்சிகளையும் விமர்சிப்பது நமக்கு எளிது. அவை நம்மிலிருந்து தூரத்தில் உள்ளன. அருகிலுள்ளவற்றை நோக்குவது சற்றுச் சங்கடமானது.

கட்டுரையாளர் அறிந்த மாணவர் மன்றமொன்றின் உறுப்பினர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அதன் ஆண்டுக் கூட்டத்திலே தலைவர் பதவிக்கு இரு பெயர்கள் முன்மொழியப்பட்டன. இரண்டும் ஆண்களின் பெயர்கள். செயலாளர் பதவிக்கும் அவ்வாறே. உதவிச் செயலாளர் பதவி வந்தபோதுதான் மாணவி ஒருவருடைய பெயர் எழுந்தது. முன்மொழிந்தவர் கூறிய காரணம், "தங்கச்சியின் கையெழுத்து அழகானது, கூட்டக் குறிப்புகளை நன்றாக எழுதுவார்" என்பது. சபை கைதட்டி மகிழ்ந்தது. அவ்வாண்டில் விழாவுக்கு மண்டபம் ஒழுங்கு செய்தவரும், விளம்பரம் சேர்ப்பதற்குக் கடைகடையாக ஏறி இறங்கியவரும், பேச்சாளரை இசைவித்தவரும் அந்த மாணவியே. விழா மேடையிலே வரவேற்புரையும் தலைமையுரையும் நன்றியுரையும் ஆண்கள் ஆற்றினர். அவர் குத்துவிளக்கருகே கற்பூரத்தட்டுடன் நின்றார். அந்த மாணவி வேறு யாருமல்லர் என்பதைக் கூறுவதிற் கட்டுரையாளருக்குத் தயக்கமிருந்தது. ஆனால் மறைப்பது இக்கட்டுரையின் நோக்கத்துக்கு மாறாகும்.

அக்கூட்டத்தில் எவரும் தீய எண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை. தலைவர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயரை முன்மொழியக் கூடாதென எவரும் தடுக்கவுமில்லை. ஏன், மாணவிகளாகிய நாங்களே அவ்வாறு முன்மொழியவில்லை. கட்சிகளிடம் நாம் காணும் குறை நமது கூட்ட அறையிலும் இருந்தது. அதனை நாமும் சேர்ந்தே பேணினோம். இத்தகைய அறைகளிலே தலைமை தாங்கிப் பழகாதவர்கள் நாளை நகர சபையிலும் தொழிற்சங்கத்திலும் திடீரெனத் தலைமை தாங்குவர் என எதிர்பார்ப்பது எவ்வாறு?

இலக்கியத்துறையிலே இதற்கு மாறான முன்மாதிரிகள் நம்மிடம் இல்லாமலில்லை. 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி தமிழ் மகள் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1986இல் யாழ்ப்பாணத்திலே பெண்கள் கூடி இயங்கிய ஆய்வு வட்டமொன்று சொல்லாத சேதிகள் என்னும் கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. இவ்விரண்டாவது முயற்சி நமது பொருளுக்கு மிக இயைபுடையது. அங்கே தனியொருவர் முதற் பெண் கவிஞராக முடிசூட்டப்படவில்லை. பலர் ஒரே நூலில் ஒன்றாக வந்தனர். 1984இல் கைது செய்யப்பட்ட பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்திலே திரண்ட அன்னையர் முன்னணியும், 2017 முதல் காணாமலாக்கப்பட்டோரைத் தேடிக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மாரும் அவ்வாறே எந்தப் பதவியும் பெறாது தலைமை தாங்கினர். பதவியை மட்டும் தலைமையெனக் கொண்டால் இவர்கள் நமது பட்டியலில் இடம்பெறார்.

முடிவாகச் சில கூறலாம். முதற் பெண் என்னும் அடைமொழி ஒரு வரலாற்றின் தொடக்கத்தைக் குறிப்பது; நாம் அதனை முடிவாகக் கொண்டுவிட்டோம். தீவொன்றின் அபிவிருத்தியிலே பெண்ணின் இடத்தை மதிப்பிட வேண்டுமாயின் முதலாமவரை மட்டுமன்றி, எந்த உறவுப்பெயரும் துணையின்றி வந்த இரண்டாமவரையும் பத்தாமவரையும் எண்ண வேண்டும். அவர் வந்தபின் கொழுந்து பறிப்பவளுக்கும் தையல் இயந்திரத்தின் முன் அமர்பவளுக்கும் என்ன மாறிற்று என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும் விமர்சன மரபு நமது பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களிலிருந்தே தோன்றுதல் தகும். அடுத்த ஆண்டுக் கூட்டத்திலே தலைவர் பதவிக்குப் பெயர் கேட்கப்படும்போது கட்டுரையாளர் ஒரு மாணவியின் பெயரை முன்மொழிவார். வழிமொழிவதற்கு ஒருவர் வேண்டும். இதனை வாசிப்போருள் ஒருவரேனும் அதற்கு முன்வருவாராயின் இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும்.